அதிமதுரப் பொடி: தித்திப்பில் குறையில்லை, உறையில்தான் குறை

சர்க்கரைக்குப் பதிலாக விற்கப்படும் அதிமதுர வேர்ப் பொடியை நாக்கில் வைத்தால் முதலில் மண் வாடைதான் தெரியும். இனிப்பு கொஞ்சம் பிந்தி வரும். வந்தால் வாய் கொப்பளித்தாலும் போகாமல் தொண்டையில் நிற்கும். சர்க்கரையைவிடச் சுமார் 50 மடங்கு தித்திக்கும் கிளைசிரைசின் செய்யும் வேலை அது. பொடியில் பெரும்பகுதி கரையாது. வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள்; கொதிக்கவிட்டால் கசப்பும் சேர்ந்து இறங்கும்.

ஆண்கள் தினமும் குடிப்பதென்றால் விஷயம் வேறு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் உருவாகும் கடைசிப் படியில் தேவைப்படும் ஒரு நொதியைக் கிளைசிரைசின் தடுக்கிறது. 1999இல் இத்தாலியில் 7 ஆண்களுக்குத் தினம் 7 கிராம் அதிமதுர மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அதில் கிளைசிரைசின் அரை கிராம். டெசிலிட்டருக்கு 740 நானோகிராம் இருந்த டெஸ்டோஸ்டிரோன் ஏழாம் நாளில் 484க்கு இறங்கியது. நிறுத்தியதும் சில நாளிலேயே ஏறிவிட்டது. பிறகு வேறொரு குழு செய்து பார்த்தபோது அவ்வளவு சரிவு தெரியவில்லை. ஏழு பேரின் கணக்கை வைத்து ‘ஆண்மை போய்விடும்’ என்று பயமுறுத்துவது அபத்தம். ‘முற்றிலும் இயற்கை, பக்கவிளைவே இல்லை’ என்று உறையில் அச்சடிப்பது அதைவிட அபத்தம்.

உண்மையில் பயப்பட வேண்டியது இரத்த அழுத்தத்துக்கு. சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனை அடக்கிவைக்கும் நொதியையும் கிளைசிரைசின் முடக்குகிறது. உப்பும் நீரும் உடம்பில் தேங்க, பொட்டாசியம் வெளியேறும். கால் வீங்கும், தசை தளரும், முற்றினால் இதயத்துடிப்பு தடுமாறும். இரத்த அழுத்த நோயாளிகளும், நீர் பிரியும் மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய மருந்தோ சாப்பிடுபவர்களும் இதைத் தொடவே வேண்டாம்.

ஐரோப்பாவில் நாளொன்றுக்குச் சொல்லப்படும் உச்ச அளவு 100 மில்லிகிராம் கிளைசிரைசின். பொடியில் அது 5 சதவீதம் என்றால் 2 கிராமிலேயே, அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டியிலேயே, கணக்கு முடிந்தது. 10 சதவீதம் என்றால் அரைத் தேக்கரண்டி. வேருக்கு வேர் இது மாறும், ஆனால் பெரும்பாலான உறைகளில் சதவீதமே இருக்காது. எங்கள் மதிப்பெண் குறைவது இங்கேதான். சதவீதம் போடாத பொட்டலம் என்றால் கால் தேக்கரண்டி, அதுவும் எப்போதாவது.

‘டிஜிஎல்’ என்று விற்கும் மாத்திரையில் கிளைசிரைசினை நீக்கியிருப்பார்கள். ஹார்மோன் கவலை இல்லை, ஆனால் இயல்பான தித்திப்பும் போய்விடுவதால் இனிப்பூட்டியாக அது உதவாது. டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்குப் போகிறவர்கள் பொடியை இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, குடித்துவந்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.