எம்பிராய்டரி யூனிட்டுக்கு எச்எக்ஸ்டி

திருப்பூரில் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் எடுக்கிறவர்கள் எச்எக்ஸ்டி (HxD) என்ற ஹெக்ஸ் எடிட்டரை, அதாவது ஒரு ஃபைலுக்குள் இருக்கிற பைட்டுகளை அப்படியே காட்டி மாற்றவும் விடுகிற சாஃப்ட்வேரை, கட்டாயம் வைத்துக்கொள்ளுங்க. விண்டோஸில் ஓடும், இலவசம், இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே திறக்கிற பதிப்பும் உண்டு. பெரிய டிசைன் சாஃப்ட்வேர் வாங்க முடியாத சின்ன யூனிட்டுக்கு இதைவிட உபகாரமான சாமான் எனக்குத் தெரிந்து இல்லை.

நமக்கு டிசைன் பெரும்பாலும் டிஎஸ்டி (DST) ஃபைலாகத்தான், அதாவது எம்பிராய்டரி மெஷின் படிக்கிற தையல் ஃபைலாகத்தான் வரும். அதை இதில் திறந்தால் இடது பக்கம் வரிக்கு 16 பைட்டாக ஹெக்ஸ் எண்கள் (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை வைத்து எழுதுவது), வலது பக்கம் அதே பைட்டுகள் எழுத்தாக. முதல் 512 பைட் ஹெட்டர், அதாவது டிசைனைப் பற்றிய விவரம் இருக்கிற தலைப்பகுதி. அதில் எல்ஏ என்று போட்டு டிசைன் பேர், எஸ்டி என்று போட்டு தையல் எண்ணிக்கை, சிஓ என்று போட்டு கலர் மாற்றம், அப்புறம் நீள அகலம் 0.1 மில்லிமீட்டர் கணக்கில், எல்லாம் கண்ணாலேயே படிக்கலாம். ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்றுதானே கூலி பேசுகிறோம், அந்த எண்ணிக்கையை நாமே சரிபார்க்க முடிகிறது என்பது சாதாரண விஷயமில்லை. ஒவ்வொரு தையலுக்கும் 3 பைட், அதனால் ஃபைல் அளவில் 512ஐக் கழித்து 3ஆல் வகுத்தால் போதும். 30,512 பைட் என்றால் சுமார் 10,000 தையல். ஜம்ப்பும் (தைக்காமல் நகர்வது) கலர் மாற்றமும் இதற்குள்ளேயே சேர்ந்துவிடும், கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். கடைசியில் 00 00 எஃப்3 இல்லையென்றால் ஃபைல் பாதியில் அறுந்து வந்திருக்கிறது, மெஷினில் ஏற்றாதீர்கள்.

பேர் மாற்றுவதும் சுலபம். வலது பக்கத்தில் பழைய பேர்மேல் கர்சரை வைத்து அடித்தால் அதன் மேலேயே எழுதும், மாற்றிய பைட்டுகள் சிவப்பாகத் தெரியும். பேருக்கு 16 இடம், மிச்சத்தை ஸ்பேஸால் நிரப்புங்கள். ஆனால் கண்ட்ரோல் வி அழுத்தி ஒட்டினால் நடுவில் நுழைத்துவிடும். 512க்கு அப்பால் இருக்கிற தையல் மொத்தமும் நகர்ந்து டிசைன் கெட்டுப்போகும். ஃபைல் அளவு மாறும் என்று அதுவே கேட்கும், அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு கண்ட்ரோல் பி (B) அழுத்துங்கள், மேலேயே எழுதும். சேவ் செய்யும்போது பழைய ஃபைலை பேக்கப்பாக வைத்துக்கொள்வது பெரிய நிம்மதி.

குறை என்றால் தமிழ்தான். கம்ப்யூட்டரில் எழுத்துகளைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கு 3 பைட், இதன் எழுத்துப் பக்கமோ ஒரு பைட்டை ஓர் எழுத்தாகவே காட்டுகிறது, அதனால் தமிழ் வந்தால் படிக்க முடியாது. டிஎஸ்டி ஹெட்டருக்கு இங்கிலீஷே போதும் என்பதால் நம் வேலைக்கு இடைஞ்சல் இல்லை.

தையலை மட்டும் இதில் கை வைத்து நகர்த்தப் பார்க்காதீர்கள். ஒரு தையலின் குறுக்கும் நெடுக்கும் அந்த 3 பைட்டுக்குள் பிட் பிட்டாகக் கலைந்து கிடக்கும், அதை டிசைன் போட்டுக் கொடுத்தவரிடமே திருப்பி அனுப்புங்க.