பழைய மாஸி டிராக்டரின் டிரம் பிரேக்: பல பருவம் ஓட்டிய பின் தெரிந்தவை

மாஸி ஃபெர்குசன் 35, 135, அந்த வழியில் வந்த டிரம் பிரேக் வண்டிகள் இன்னும் சேற்றுழவிலும் டிரெய்லரிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பின்சக்கரம் இரண்டில் மட்டுமே பிரேக், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெடல். சக்கரத்தோடு சுழலும் 14 அங்குல டிரம், அதன் உட்புறத்தை அழுத்தும் 2 அங்குல அகல ஷூ. பிரேக்கை இயக்க ஆயிலும் கிடையாது, காற்றழுத்தமும் கிடையாது. பெடல், கம்பி, ஷூவை விரிக்கும் கேம், ஷூ, அவ்வளவுதான். இவ்வளவு எளிய அமைப்பு அடிக்கடி கைவிடுகிறது என்றால் ஷூ மேல் உள்ள உரசும் பட்டையான லைனிங் தேய்ந்தது மட்டும் காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் ஆக்ஸில் வழியே உள்ளே எண்ணெய் இறங்கியிருக்கும்.

புது லைனிங் அடித்து ஒரே பருவத்தில் பிரேக் மறுபடி வழுக்கினால் எண்ணெயைத் தடுக்கும் ஆக்ஸில் சீலைத்தான் பார்க்க வேண்டும். ஷூவில் கெட்டியான கறுப்புக் கிரீஸ் என்றால் வெளிச் சீல் போயிருக்கிறது. மெல்லிய ஆயில் வழிந்தால் உட்சீலும் போய்விட்டது. ஆக்ஸிலைக் கழற்றிய பிறகு ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் செலவு, இரண்டையும் மாற்றிவிடலாம். பேரிங்கைப் பிடித்திருக்கும் காலர் சூடேற்றி இறுக்கியது. பிரஸ் இல்லாமல் சுத்தியலால் தட்டினால் பேரிங் போகும், ஆகவே பட்டறை வேலை. கழற்றும்போது வரும், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகளை எண்ணி வைத்து, அதே கணக்கில் திரும்பப் போட வேண்டும். சீல் உதடு உரசும் இடத்தில் ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருந்தால் எவ்வளவு நல்ல சீலும் கசியும். பின்பக்க ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவதும், காற்றுப்போக்கித் துளை மண்ணால் அடைபடுவதும் புதுச் சீலையும் கெடுத்துவிடும்.

எண்ணெய் ஊறிய லைனிங்கை நெருப்பில் வாட்டிப் போடும் பழக்கம் உண்டு. நாலு நாள் பிடிக்கும். டிரம் சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வந்துவிடும். அதைத் தூக்கிப் போட்டுவிடுவதே மேல்.

கழற்றும் முன் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக் கொடுக்க வேண்டும். முன் ஆக்ஸில் நடு பின்னில் ஆடக்கூடியது. ஒரு பக்கம் பின்னால் ஜாக்கி ஏற்றினால் வண்டி சாயும். முன் ஆக்ஸிலுக்கும் மேல் தாங்கிக்கும் இடையே மர ஆப்பு அடித்த பிறகே ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்ஸில் குழலுக்கு அடியில் கட்டை வைக்கவும். டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் 100 கிலோவுக்கு மேல் கூடுதல் எடை. தனி ஆளாக இறக்க வேண்டாம்.

சக்கரம் வந்ததும் டிரம்மைப் பிடித்திருப்பவை இரண்டு திருகுகள்தான். அவை துருப்பிடித்துத் தலை மழுங்கிப்போகும் என்பதால் முதல் நாளே டீசலோ துருநீக்கியோ விட்டு வைத்தால் நல்லது. திருகு வந்தும் டிரம் வராவிட்டால் விளிம்பில் மேடு விழுந்திருக்கிறது. அட்ஜஸ்டரைத் தளர்த்திய பின் இழுக்கவும். தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், ஈரத்துணியால் துடைப்பதுதான் பாதுகாப்பு.

லைனிங்கில் ஒட்டு வகையும் உண்டு, ரிவிட் வகையும் உண்டு. சேற்றில் ஓடும் வண்டிக்கு ரிவிட்தான் நிலைக்கிறது. ஒட்டின் அடியில் துரு ஏறினால் லைனிங் தகடாகவே பெயர்ந்து வரும். ரிவிட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்துப் போனால் லைனிங் ஷூவோடு படிந்து உட்காரும். தலை லைனிங்குக்குள் நன்கு இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் டிரம்மில் கோடு கிழிக்கும். டிரம்மை லேத்தில் கடைந்தால் இரு பக்கமும் ஒரே அளவு, அதுவும் கோடு மறையும் வரை மட்டும். அதிகம் கடைந்த டிரம்மில் ஷூவின் நடுப்பகுதி மட்டும்தான் தொடும்.

பலரும் கண்டுகொள்ளாத இடம் கேம் ஷாஃப்ட். அது புஷ்ஷில் இறுகிவிட்டால் பெடலை விட்ட பிறகும் ஷூ திரும்பாது. உழவில் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸை விரல் நுனியளவு தடவினால் போதும். ரிட்டர்ன் ஸ்பிரிங்கை லைனிங்கோடு சேர்த்து மாற்றிவிடலாம், விலை அற்பம்.

அட்ஜஸ்ட் செய்ய, டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டில் (பேக் பிளேட்) இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, ஸ்குரூடிரைவரால் பல்சக்கரத்தைச் சக்கரம் இறுகும் வரை திருப்பி, பிறகு உரசாமல் சுழலும் வரை பின்வாங்க வேண்டும். அடுத்த பக்கமும் அதேபோல. வயலில் எப்போதும் ஒரே பக்கம் திரும்புகிறவர் வண்டியில் அந்தப் பக்க ஷூ முந்தித் தேயும். அதற்காக அதை மட்டும் மாற்றினால் ரோட்டில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். லைனிங் எப்போதும் ஜோடியாகத்தான்.

கடைசியில் இரண்டு பெடலையும் கொக்கியால் பிணைத்து, வெறும் மண் தரையில் மெதுவாக ஓட்டி அழுத்திப் பாருங்கள். இரு சக்கரத் தடமும் ஒரே நீளம் இழுத்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அந்தப் பக்கத்தை ஒரு பல் ஏற்றலாம். டிரெய்லருக்குப் பெரும்பாலும் பிரேக்கே இல்லாததால் மொத்தச் சுமையும் இந்த நான்கு ஷூ மேல்தான். லைனிங் டிரம்மில் படியும் வரை, முதல் சில நாட்கள், பாரம் ஏற்ற வேண்டாம். சேற்றுழவு முடித்துக் கழுவியதும் பெடலை லேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் உள்ளே ஈரம் காயும். கொக்கி போடாமல் மட்டும் ரோட்டில் ஏற்றிவிடாதீர்கள்.