லில்லியின் லத்தீன் இலக்கணம்: முன்பாதி மட்டும் போதும்

வில்லியம் லில்லியின் இலக்கண நூலை 1567 பதிப்பின் ஸ்கேன் பிரதியில் படித்தேன். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்துப் பையன்கள் லத்தீன் படித்த பாடப்புத்தகம் இதுதான். பிடிக்கிறதோ இல்லையோ, பள்ளிகளில் இதை மட்டும்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றி 1540-களில் ஆணை போட்டுவிட்டார், அதனால் போட்டிக்கு வேறு புத்தகமே கிடையாது. லில்லி 1522-லேயே இறந்துவிட்டார். லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியின் முதல் தலைமையாசிரியரான அவரும், டச்சு அறிஞர் எராஸ்மஸ் முதலானவர்களும் எழுதியதைப் பிற்பாடு சேர்த்துக் கட்டியதுதான் இந்த நூல்.

முன்பாதி ஆங்கிலத்தில் இருக்கிறது, அருமை. பார்க்க, தொட, கேட்க அல்லது புரிந்துகொள்ள முடிகிற ஒன்றின் பெயர்தான் பெயர்ச்சொல் என்று சொல்லி, கைக்கு மானுஸ், வீட்டுக்கு டோமுஸ், நற்குணத்துக்கு போனிதாஸ் என்று உடனே உதாரணமும் காட்டிவிடுகிறார்கள். பெயர்ச்சொல் தனியாக நிற்கும், பெயரடை நிற்காது, அதற்கு இன்னொரு சொல் துணைக்கு வேண்டும். இவ்வளவு சுருக்கமாக எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை.

பின்பாதிதான் கொடுமை. முழுக்க லத்தீன், அதிலும் பெயர்களின் பால், வினைகளின் காலவடிவம் எல்லாம் செய்யுளில்! நன்னூல் சூத்திரத்தை உருப்போட்ட நமக்குச் செய்யுள் ஒன்றும் புதிதில்லை, ஆனால் தமிழ் பேசத் தெரிந்த பிறகுதானே நாம் அதைத் தொட்டோம். இங்கே லத்தீனே தெரியாத பையனுக்கு லத்தீன் விதியை லத்தீன் பாட்டில் ஊட்டுகிறார்கள். 'மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்சர்' நாடகத்தில் வில்லியம் என்ற பையனை ஒரு வாத்தியார் வேற்றுமை கேட்டுத் திணறடிக்கும் காட்சியை ஷேக்ஸ்பியர் எங்கிருந்து எடுத்திருப்பார் என்று புரிகிறது.

ஆங்கில இலக்கணத்தையும் இந்த நூல் விடவில்லை. 1586-இல் வில்லியம் புல்லோகர் என்பவர் ஆங்கிலத்துக்கென்று முதல் இலக்கணம் எழுதியபோது லில்லியின் சட்டகத்தையே எடுத்துக்கொண்டார், பொருந்துகிறதோ இல்லையோ ஆங்கிலத்துக்கும் வேற்றுமைப் பட்டியல் வந்துவிட்டது.

சின்னப் பிள்ளைக்கு என்றால் இதைக் கொடுக்காதீர்கள். கொமேனியஸ் என்ற கல்வியாளரின் 1658 லத்தீன் படப்புத்தகத்தை 1659-இல் ஹூல் என்பவர் ஆங்கிலமும் சேர்த்துக் கொண்டுவந்தார், அதைத் தேடிப் பாருங்கள்: படத்தில் எண் போட்டு, அதே எண்ணோடு இரு மொழிகளிலும் வரிகள், காகம் கத்துவதை வைத்து அகரவரிசை தொடங்குகிறது. லில்லிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று, மூன்றும் முன்பாதிக்கே.