தரங்கம்பாடி: சீயோனா, புதிய எருசலேமா?

நகர வாசலைத் தாண்டினால் ராஜ வீதியிலேயே இந்த இரண்டு தேவாலயங்களும் இருக்கின்றன. சீயோன் ஆலயம் மூத்தது. 1701இல், அப்போது ஊரை ஆண்ட டேனிஷ்காரர்கள் (டென்மார்க் நாட்டவர்) தங்களுக்காகக் கட்டியது. இப்போது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. அவசரம் என்றால் வெளியிலிருந்து பார்த்தாலும் சரி.

புதிய எருசலேம் ஆலயத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். 1706இல் வந்திறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தமிழ்ச் சபைக்காக 1718இல் எழுப்பியது. முகப்பை அண்ணாந்து பாருங்கள்: டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் கிரீட முத்திரை தெரியும். உள்ளே சிலுவை வடிவக் கூடம், பீடத்தருகே சீகன்பால்குவின் கல்லறை. 1719இல் இறந்தபோது அவருக்கு வயது வெறும் 36! அப்புறம், ஞாயிறு காலை போனால் ஆராதனை நடக்கும். படம் எடுப்பதைத் தள்ளிவைத்து, பின்வரிசையில் உட்கார்ந்து பாட்டைக் கேளுங்கள்.