கிளட்சைத் தொடாமல் கியர்: கொழும்பில் இரண்டரை வருஷம் ஒரு குயிக்ஷிஃப்டருடன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்வர மட்டும் பைக் வைத்திருக்கிறீர்கள் என்றால், கிளட்ச் பிடிக்காமல் கியர் போட உதவும் இந்தக் குயிக்ஷிஃப்டரை வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு இரண்டு நல்ல டயர் போடலாம். காலி வீதியில் காலை எட்டு மணிக்குப் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில் முதலாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இந்தச் சாமான் உங்களுக்கு ஒரு உதவியும் செய்யாது. இதைச் சொல்லும் நான் என்னுடையதைக் கழற்றவில்லை, கழற்றப்போவதும் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

பைக் யமஹா ஆர்15, மூன்றாம் பதிப்பு. 155 சிசி, ஆறு கியர். 2019 இல் எடுத்தேன். அடுத்த வருஷம் மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரி வரை கதவு திறக்கவில்லை. இடையில் 2021 இல் இந்தியாவில் நான்காம் பதிப்பு வந்தது, சில வகைகளில் குயிக்ஷிஃப்டர் கம்பனியிலேயே பூட்டி. நாங்கள் அதை யூடியூபில் பார்த்தோம். புது பைக் கிடையாது, பழைய பைக்கின் விலையோ கேட்கவே பயம். கையில் இருப்பதைத்தான் கொஞ்சம் மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அப்படி வந்ததுதான்.

நான்காம் பதிப்பின் சென்சரை மட்டும் வாங்கிப் பூட்டினால் சரிவராதா என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். சரிவராது. அதில் சென்சர் சொல்வதை பைக்கின் ஈசியு, அதாவது எஞ்சினை நடத்தும் சின்னக் கணினி, கேட்டு எஞ்சினை ஒரு கணம் வெட்டுகிறது. எங்களுடைய ஈசியுவில் அதைக் கேட்க ஆளில்லை. அந்த வெட்டும் வேலையைத் தானே செய்யும் தனி மொடியூலோடு வரும் செட் வேண்டும்.

இது என்ன செய்கிறது என்றால், கியர்பொக்ஸுக்குள் பற்சக்கரங்கள் எல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று கோர்த்தபடியேதான் சுழல்கின்றன. கியர் மாறுவது என்பது ஒரு சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் முளைகள் ஒரு குழியை விட்டு அடுத்த குழியில் விழுவது. எஞ்சின் தள்ளிக்கொண்டிருக்கும்வரை அந்த முளைகள் இறுகிப் பிடித்திருக்கும், காலால் எவ்வளவு தூக்கினாலும் விடாது. கிளட்ச் பிடித்தால் தளரும். எஞ்சின் ஒரு கணம் தள்ளாமல் விட்டாலும் தளரும். அந்த ஒரு கணத்தைத்தான் இது உண்டாக்குகிறது. கியர் லீவரின் தண்டில் இருக்கும் சென்சர் காலின் அழுத்தத்தை உணர்கிறது. உடனே மொடியூல் தீப்பொறியையோ பெற்றோலையோ ஐம்பது, அறுபது, எழுபது மில்லிசெக்கன் நிறுத்துகிறது. திரொட்டிலை மூட வேண்டாம், கிளட்சைத் தொட வேண்டாம்.

தெரிவு செய்யும்போது நான் பார்த்தது மூன்று விஷயம். முதலாவது சென்சர். மலிவான செட்களில் தண்டுக்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு சுவிட்ச் இருக்கும். அது கொஞ்சம் அசைந்தால்தான் வேலை செய்யும், அதனால் லீவர் எப்போதும் தொளதொள என்று இருக்கும். மற்ற வகையில் அசையும் பாகமே இல்லை, உலோகத்தில் விழும் இழுவையை அது அளக்கிறது. கால் வித்தியாசத்தை முதல் நாளே சொல்லிவிடும். காசு போனாலும் இரண்டாவதை எடுங்கள்.

அடுத்தது, உங்கள் பைக்கில் மேல் கியர் போடும்போது தண்டு இழுபடுகிறதா, தள்ளுபடுகிறதா என்பது. சில சென்சர்கள் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். ஓர்டர் போட முன் பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, இன்னொருவரை லீவரைத் தூக்கச் சொல்லி, குனிந்து பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை. நான் பார்க்காமல் ஓர்டர் போட்டேன். சரியானது வந்தது அதிர்ஷ்டம்.

மூன்றாவது, தீப்பொறியை வெட்டுவதா பெற்றோலை வெட்டுவதா. தீப்பொறியை வெட்டினால் எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போய் அங்கே வெடிக்கும். பெடியன்களுக்கு அந்தச் சத்தம்தான் பிடிக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குப் பிடிக்காது. பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை வெட்டுவது சுத்தமான வேலை. என் செட்டில் தீப்பொறி வெட்டுதான் இருந்தது. இன்று வாங்கினால் மற்றதைத்தான் தேடுவேன்.

எந்தக் கம்பனிச் செட் என்று சொல்லவில்லை. சொன்னால் விளம்பரம் என்பீர்கள். விலை? டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறி முடிந்த காலம். சுங்கத்துக்குக் கட்டியதையும் சேர்த்தால் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேல். அம்மாவுக்கு இன்றுவரை உண்மையான தொகை தெரியாது.

2023 ஜனவரியில் பூட்டினோம். பூட்டிய கராஜின் பெயர் வேண்டாம். சென்சரைத் தண்டில் கோர்த்த வேலை நன்றாகத்தான் இருந்தது. தண்டின் ஒரு முனை வலப்புரி, மற்றது இடப்புரி, நீளத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவந்து லீவர் உயரம் மாறாமல் பூட்டித் தந்தார்கள். வயர் வேலைதான் வினை. தீப்பொறியை உண்டாக்கும் கொயிலுக்குப் போகும் வயரை வெட்டி மொடியூலை நடுவில் போட வேண்டும். அதாவது எஞ்சினின் உயிர் இனிமேல் அந்த இரண்டு இணைப்புகளுக்குள்ளால்தான் ஓடும். அவர்கள் வயரை முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி, டாங்கியைப் பூட்டிவிட்டார்கள்.

நான்காம் மாதம் ஒரு பின்னேரம், களனிப் பாலத்துக்கு முன்னால், பேய் மழை. மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருந்த பைக் ஒரு தும்மல் தும்மி அப்படியே நின்றது. மீற்றர் எரிகிறது, ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, நெருப்பு இல்லை. பின்னால் வந்த கொள்கலன் லொறி அடித்த ஹோர்ன் இன்னும் காதில் இருக்கிறது. தள்ளிக்கொண்டு ஓரத்துக்கு வந்தேன்.

அடுத்த நாள் தெமட்டகொடையில் வயர் வேலை செய்யும் ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். அவர் டாங்கியைத் தூக்கி, டேப்பை நகத்தால் உரித்தார். உள்ளே செப்புக் கம்பி பச்சை பூத்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. என் பைக் இரவில் நிற்பது மரைன் டிரைவுக்கு இரண்டு வீடு உள்ளே. உப்புக் காற்று.

"தம்பி, இத யாரு செஞ்சது?"

சொல்லவில்லை.

"முறுக்கி டேப் சுத்தினா அது வேலையா? நல்ல வேள, பாலத்துக்கு மேல நிக்கல்ல."

பழைய இணைப்பை இரண்டு அங்குலம் பின்னால் வெட்டி எறிந்தார். ஈயம் வைத்து ஒட்டி, சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போட்டு மூடினார். மொடியூலை இருக்கைக்குக் கீழே ஈரம் படாத இடத்துக்கு மாற்றினார். கனெக்டர்களுக்குள் கிரீஸ் வைத்தார். பிறகு நான் கேட்காமலே ஒரு வேலை செய்தார்: மொடியூலைக் கழற்றிவிட்டு கொயிலை நேரடியாக இணைக்க ஒரு சின்ன பிளக். வழியில் மொடியூல் செத்தாலும் இருக்கையைத் தூக்கி அதைச் சொருகினால் வீட்டுக்குப் போய்ச் சேரலாம். இந்தச் சாமான் பூட்டும் யாரும் அந்தப் பிளக் இல்லாமல் கராஜை விட்டு வெளியே வராதீர்கள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அடுத்த தலையிடி செட்டிங். போனில் ஒரு ஆப், அதில் எத்தனை ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்றுக்கு) மேல் வேலை செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் வெட்ட வேண்டும், சென்சர் எவ்வளவு மெல்லிய அழுத்தத்துக்கு வேலை செய்ய வேண்டும் என்று மூன்று கணக்கு. 4,000க்குக் கீழே வேலை செய்யாதே என்று கொடுத்திருந்தேன். ஆனால் பம்பலப்பிட்டியில் ஊர்ந்துகொண்டு போகும்போதே பைக் முகத்தில் அடித்தது போல் வெட்டிக் குலுங்கும். பல நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது: ஐட்லிங்கில் மீற்றர் 1,400 காட்டுகிறது, ஆப் 2,800 என்கிறது. என் பைக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தீப்பொறி, மொடியூலோ இரண்டு சுற்றுக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டிருந்தது. நான் கொடுத்த 4,000 உண்மையில் 2,000. ஒரு எண்ணை மாற்றியதும் குலுக்கல் போய்விட்டது. பூட்டினவுடன் முதலில் இதைப் பாருங்கள்.

ஒற்றை சிலிண்டரில் இது ஏன் மெதுவான ஓட்டத்துக்கு ஆகாது என்பதும் அப்போதுதான் விளங்கியது. 8,000 ஆர்பிஎம்மில் எஞ்சின் 15 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை தள்ளுகிறது. 60 மில்லிசெக்கன் வெட்டினால் நான்கு தள்ளு போகும், அது வழுக்கிக்கொண்டு போன மாதிரி இருக்கும். 4,000இல் தள்ளுக்குத் தள்ளு 30 மில்லிசெக்கன். வெட்டு எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரு தரம் பட்டு மாதிரி, ஒரு தரம் குத்து மாதிரி. நான் இப்போது 5,500க்குக் கீழே இதை வேலை செய்ய விடுவதே இல்லை. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு எப்போதும் கிளட்ச்தான். நடுவில் நியூட்ரல் இருக்கிறது, இடைவெளியும் பெரிது.

வெட்டும் நேரத்தைக் குறைக்கக் குறைக்க வேகம் என்று நினைத்து ஒரு கிழமை 45 மில்லிசெக்கனில் ஓடினேன். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இரண்டு தடவை எந்தக் கியரும் விழாமல் எஞ்சின் மட்டும் கத்தியது. அந்தச் சத்தம் முளைகளைத் தின்னும் சத்தம். 65க்கு வந்து அங்கேயே இருக்கிறேன்.

காலுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். தயங்கித் தயங்கித் தூக்கினால் பாதியில் நிற்கும், ஒரே மூச்சில் தூக்க வேண்டும். லீவரின் கீழே காலைச் சும்மா வைத்துக்கொண்டு ஓடுபவர்களுக்கு எஞ்சின் அடிக்கடி விக்கும், பழுது என்று நினைப்பார்கள். செருப்போடு ஓடினால் பெருவிரல் நகம் போகும். என் இடது சப்பாத்தின் மேல்தோல்தான் இந்த இரண்டரை வருஷத்தில் மிக அதிகமாகத் தேய்ந்த பாகம்.

கீழ் கியருக்கு இது வேலை செய்யாது. அதற்குத் திரொட்டிலைத் தானே திறக்கும் பைக் வேண்டும், எங்களுடையது கேபிள். கிளட்ச் பிடித்துத்தான் இறக்க வேண்டும். கியரை இறக்கும்போது பின்சக்கரம் இறுகாமல் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் ஏற்கெனவே இருப்பதால் அதில் குறை தெரியவில்லை.

அப்படியென்றால் எதற்கு வைத்திருக்கிறேன்? வருஷத்தில் மூன்று நான்கு தடவை யாழ்ப்பாணம் போகிறேன். அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை, எங்களுக்குப் பழைய வீதிதான். விடிய நான்கு மணிக்கு வெளிக்கிட்டு, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், பிறகு அனுராதபுரம் பக்கம் திரும்பும் வழி. புத்தளம் தாண்டினால் வீதி வெறுமை. ஒரு லொறியைத் தாண்ட வேண்டும். திரொட்டிலைத் திறந்தபடி, ஒரு தட்டு, இன்னொரு தட்டு. 7,400 ஆர்பிஎம்முக்கு மேல் இந்த எஞ்சினுக்கு வால்வு திறக்கும் விதம் மாறி இரண்டாவது மூச்சு வரும். பழைய மாதிரி கிளட்ச் பிடித்து மாற்றினால் அந்த மூச்சு ஒவ்வொரு தடவையும் அறுபடும். இப்போது அறுபடுவதில்லை. லொறிக்குப் பக்கத்தில் இருக்கும் நேரம் குறைகிறது. ஏழெட்டு மணித்தியாலம் ஓடி கிளிநொச்சிக்கு வரும்போது இடது கை மணிக்கட்டில் முன்பு இருந்த எரிச்சலும் இல்லை.

26,000 கிலோமீற்றரில் கியர்பொக்ஸுக்கு என்ன ஆனது? ஓயில் வடிக்கும் போல்ட்டைக் காந்தம் வைத்ததாக மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் அதில் மை மாதிரிக் கறுப்புப் பசைதான், துண்டு எதுவும் இல்லை. செலவு வைத்தது வேறு இடம். பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் நான் நினைத்ததைவிட முன்னதாகவே நசிந்துபோயின, ஒரு தடவை மாற்றியாயிற்று. செயின் தளர்ந்தால் ஒவ்வொரு கியருக்கும் முதுகில் ஒரு குத்து வரும், அது மொடியூலின் குற்றமில்லை. ஐந்தாறு கிழமைக்கு ஒரு தடவை கனெக்டர்களைத் திறந்து பார்க்கிறேன். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதைச் சோம்பல் படாமல் செய்ய வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தம்பி போன கிழமை வந்து, "அண்ணா, ஒரு ரவுண்ட் தாங்களேன், அந்தக் கிளட்ச் இல்லாமல் போடுறதைப் பார்ப்பம்" என்றான். காலில் ரப்பர் செருப்பு. சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா என்று அனுப்பினேன். ஆளை இன்னும் காணவில்லை.