கால் ரூபாய்க்கு விடைகொடுத்த வங்கிச் சேவை

25 பைசாவும் அதற்குக் குறைந்த மதிப்புடைய காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று அரசு அறிவித்தபோது, சில்லறைக் காசுக் கிடங்கு உள்ள வங்கிக் கிளைகளிலும் ரிசர்வ் வங்கி அலுவலகங்களிலும் ஜூன் 29 அன்று அலுவல் நேரம் முடியும்வரை அவற்றை முகமதிப்புக்கே மாற்றித் தர ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. பிடித்தம் எதுவும் இல்லாமல் முழுத்தொகையும் தரப்பட்டது இச்சேவையின் பெருஞ்சிறப்பு. நான் சென்ற கிளையில், உண்டியலிலிருந்து கொட்டிய காசுகளை ஊழியர் முகம் சுளிக்காமல் எண்ணி வாங்கிக்கொண்டார்.

குறை வேறிடத்தில் இருந்தது. எந்தெந்தக் கிளையில் இத்தகைய கிடங்கு உண்டு என்பதை வங்கி வாசலில் எழுதி வைத்திருந்தால், நாற்பது 25 பைசா நாணயங்கள் சேர்ந்தாலும் பத்து ரூபாய்தான் தேறும் என்ற நிலையில் மக்கள் ஒவ்வொரு கிளையாக ஏறி இறங்கியிருக்க வேண்டியதில்லை. (பேருந்துக் கட்டணத்தைக் கழித்தால் பலருக்கு மிச்சமே இருந்திராது.) மதிப்பு குறைந்த காசு என்பதற்காக விளம்பரத்தையும் குறைத்தது சரியன்று. 50 பைசா தொடர்ந்து செல்லும் என்பதையும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். அதை அழுத்திச் சொல்லாததால், சட்டப்படி செல்லுபடியாகும் அந்த நாணயத்தையும் கடைக்காரர்கள் வாங்க மறுக்கிறார்கள்.