ட்ரூமன் நூலகத்தின் கடிதக் காப்பகம்: ஒரு பயிற்சி முகாமும் ஒரு மேசன் உறுப்பினரும்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், இன்டிபென்டன்ஸ் நகரில், 1957 ஜூலை 6 அன்று திறந்துவைக்கப்பட்ட ஹாரி எஸ். ட்ரூமன் நூலகம், அவர் தம் கைப்பட எழுதிய கடிதங்களை இணையத்தில் கட்டணமின்றி வாசிக்கக் கொடுக்கிறது. இந்தச் சேவையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆனால் முழுத் தொகுப்பையும் பற்றி அல்ல. 1917 செப்டம்பர் இறுதியிலிருந்து 1918 மார்ச் வரை, ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் அருகே இருந்த டொனிஃபன் பயிற்சி முகாமிலிருந்து அவர் தாம் மணக்கவிருந்த பெஸ் வாலஸுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி மட்டும். முதல் உலகப் போர்க்கால அமெரிக்கச் சிப்பாய் ஒருவரின் முகாம் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் எண்ணம்.

ட்ரூமன் பிற்காலத்தில் நாட்டின் அதிபரானார் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு வாசிப்பது நல்லது. 1917 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கியபோது அவருக்கு வயது 32; மறு மாதமே 33 ஆகிவிட்டது. முதல் கட்டாய ஆள்சேர்ப்பு 21 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டுமே என்பதால் சட்டம் அவரைத் தேடி வந்திருக்காது. கிராண்ட்வியூவில் குடும்பப் பண்ணையை நடத்திவந்த அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். யாரும் ஒரு சொல் கேட்டிருக்க மாட்டார்கள். எனினும் தாமாகவே மாநிலக் காவல்படையின் பீரங்கிப் பிரிவில் மீண்டும் சேர்ந்தார். அக்காலக் காவல்படையில் இளநிலை அதிகாரிகளை வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. எஃப் பேட்டரி என்ற பீரங்கி அணியின் ஆட்கள் அவரை லெப்டினன்டாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் படை கூட்டரசு ராணுவத்தில் இணைக்கப்பட்டு 129-ஆவது கள பீரங்கி ரெஜிமென்ட் ஆயிற்று.

அவர் ராணுவச் சீருடை அணிந்து முகாமுக்குப் போனபோது ஃப்ரீமேசன் (சுருக்கமாக மேசன்) என்ற சகோதரச் சங்கத்தில் எட்டு ஆண்டுகளாக உறுப்பினராக இருந்தார். 1909-இல் பெல்டன் ஊரின் 450-ஆம் எண் கிளையில் சேர்ந்தவர், 1911-இல் கிராண்ட்வியூவில் புதிய கிளை ஒன்று தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். 618 என்பது அந்தக் கிளையின் எண். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் முகாம் கடிதங்கள் வேறு மாதிரி தெரியும்.

இனி சேவையைப் பற்றி. தேதியையோ பெயரையோ இட்டுத் தேடினால் கடிதத்தின் ஒளிப்படம் பக்கம் பக்கமாக வருகிறது. பல கடிதங்களுக்குத் தட்டச்சு செய்த வடிவமும் உண்டு. மூலமும் படியும் கைக்கெட்டுவது பெரிய வசதி. ட்ரூமனின் கையெழுத்து சாய்ந்து ஓடும், ஆனால் தெளிவானது. சில பக்கங்கள் பழகிவிட்டால் படியைப் பார்க்கவே தோன்றாது. தட்டச்சுப் படியை மட்டும் படித்து நிறைவடைந்துவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். எங்கே நிதானமாக எழுதினார், எங்கே அவசரத்தில் கோடு போலக் கிறுக்கினார் என்பது படத்தில்தான் தெரியும்.

டொனிஃபன் முகாம், காவல்படைகளுக்காக நாட்டில் அமைக்கப்பட்ட 16 முகாம்களில் ஒன்று. கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கென மரக்கட்டடங்களால் எழுப்பப்பட்ட வேறு 16 முகாம்களும் இருந்தன. காவல்படையினருக்குப் பெரும்பாலும் கூடாரம்தான். 1917–18-இன் குளிர்காலம் அமெரிக்காவின் மிகக் கடுமையான குளிர்காலங்களுள் ஒன்று என்பதைச் சேர்த்துப் பார்த்தால், துணிச் சுவருக்குள் அதைக் கழித்தவர்களின் நிலை விளங்கும். குளிருக்கு முன்னால் புழுதி. இலையுதிர் காலத்துக் கடிதம் ஒன்றில், காற்று அடிக்கும்போது ஐம்பது கெஜத்துக்கு அப்பால் நிற்கும் கூடாரமே கண்ணுக்குத் தெரிவதில்லை என்றும், பல்லிலும் கண்ணிலும் முடியிலும் மூக்கிலும் கழுத்துக்குக் கீழேயும் மண்தான் என்றும் எழுதுகிறார். முகாமைப் பற்றி வரலாற்று நூல்கள் தரும் ஆட்கணக்கும் ஏக்கர் கணக்கும் தராத ஒன்றை இந்த ஒரு வரி தந்துவிடுகிறது.

ஆயினும் இந்தத் தொகுப்பில் என்னை மிகவும் பிடித்து நிறுத்தியது புழுதியோ பீரங்கிப் பயிற்சியோ அல்ல, ரெஜிமென்டின் கேன்டீன்தான். வழக்கமான பயிற்சியோடு கேன்டீனை நடத்தும் பொறுப்பும் ட்ரூமன் தலையில் வந்து விழுந்தது. கடை நடத்திய அனுபவம் அவருக்கு இல்லை. வங்கி எழுத்தராக இருந்திருக்கிறார், பண்ணைக் கணக்குப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். கான்சாஸ் சிட்டியில் துணிக்கடையில் வேலை பார்த்துவந்த எட்வர்ட் ஜேக்கப்சன் என்ற யூத இளைஞரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். ரெஜிமென்டின் ஒவ்வொரு ஆளிடமும் 2 டாலர் வீதம் வசூலித்து, ஏறத்தாழ 2,200 டாலர் முதல் திரட்டினார்கள். ஒவ்வொரு பேட்டரியும் தன் சார்பில் ஓர் ஆளை விற்பனைக்கு அனுப்பியது. சுருட்டு, சிகரெட், மிட்டாய், பழம், எழுதுதாள் என்று சிப்பாய்க்குத் தேவையானதெல்லாம் அங்கே கிடைத்தன. கூடவே முடிதிருத்தும் கடையும் தையற்கடையும் நடந்தன. சரக்கு வாங்கிவர ட்ரூமனின் சொந்தக் காரே ஓடியது. 1911-ஆம் ஆண்டு மாடலான அந்த ஸ்டாஃபர்ட் வண்டியை அவர் பண்ணையிலிருந்து முகாமுக்கே கொண்டுவந்திருந்தார்.

முகாம்களில் நடந்த பிற கேன்டீன்கள் பலவும் நட்டத்தில் தள்ளாடிய காலம் அது. இவர்களோ போட்ட முதலை ஆட்களுக்குத் திருப்பிக் கொடுத்ததோடு, அதற்கு மேல் பல மடங்கு லாபத்தையும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஜேக்கப்சனைக் குறித்து ட்ரூமன் பெஸ்ஸுக்கு எழுதும் வரிகளில் மனம் நிறைந்த பாராட்டு இருக்கிறது. அன்றாட விற்பனையும் கல்லாக் கணக்கும் காதல் கடிதத்தின் நடுவே வருகின்றன. தாம் ஒரு காரியத்தைச் செம்மையாகச் செய்கிறோம் என்பதைத் தமக்கு வேண்டியவளிடம் சொல்லிக்கொள்ளும் மனிதரின் குரல் அது. அந்தப் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

இந்தக் கேன்டீன் நடந்த விதத்துக்கும் ட்ரூமன் சார்ந்திருந்த மேசன் கிளை நடக்கும் விதத்துக்கும் இடையே ஓர் ஒற்றுமை உண்டு என்பது என் கருத்து. எல்லோரும் சமமாகச் சந்தா கட்டுவது, பொதுப் பணத்துக்குப் பொறுப்பானவர் உறுப்பினர்களுக்குக் கணக்குக் காட்டுவது, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஓர் ஆள் பொறுப்பில் நிற்பது, இவை ஒரு சிற்றூர்க் கிளையின் அன்றாட நடைமுறைகள். கிராண்ட்வியூவில் புதிதாக ஒரு கிளையைத் தொடங்கி அதைக் காலூன்ற வைத்தவருக்கு, கூடாரங்களுக்கு நடுவே ஒரு கூட்டுறவுக் கடையைத் தொடங்குவது அந்நியமாக இருந்திருக்காது. ட்ரூமன் இப்படி எங்கும் எழுதி வைத்ததாக நான் சொல்லவில்லை. கடிதங்களை வரிசையாகப் படித்ததில் எனக்குத் தோன்றியது இது.

சங்கத்தின் சடங்குகளைப் பற்றி ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று உறுதி எடுத்த மனிதர், மணக்கப்போகும் பெண்ணுக்கும் அதை எழுத மாட்டார். போருக்கு முந்தைய ஆண்டுகளின் கடிதங்களில் கிளைக் கூட்டத்துக்குப் போவதும் வருவதும் சாதாரணச் செய்தியாக இடம்பெறுகின்றன. எனவே 1911 முதலே தொடங்கி, பிறகு முகாம் கடிதங்களுக்கு வந்தால் தொடர்ச்சி விளங்கும்.

காப்பகம் மட்டுமே தந்துவிடாத பின்னணி ஒன்றையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். முகாம்களில் சிப்பாய்களின் ஓய்வு நேரத்தைக் கவனிக்க, ரேமண்ட் ஃபாஸ்டிக் தலைமையில் 1917 ஏப்ரலிலேயே போர்த்துறை ஒரு குழுவை நியமித்தது. கிறிஸ்தவ இளைஞர் சங்கமும், கத்தோலிக்கர்களின் சகோதர அமைப்பான கொலம்பஸ் வீரர்கள் சங்கமும், யூத நல வாரியமும், சால்வேஷன் ஆர்மியும் அங்கீகாரம் பெற்று வேலை செய்தன. எல்லோரும் வரலாம், எல்லாமே இலவசம் என்று கொலம்பஸ் வீரர்களின் குடில் வாசலில் எழுதியிருக்கும். நாடு முழுவதும் மிகப் பெரிய உறுப்பினர் எண்ணிக்கை கொண்டிருந்த மேசன் சங்கத்துக்கு மட்டும் அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. காரணம் எளிது: அமெரிக்காவில் மேசன்களுக்குத் தேசிய அளவில் ஒரே தலைமை கிடையாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் கிளைகளுக்கு மேலாகத் தனித்தனிப் பெருமன்றம்; அவை ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை அல்ல. நாற்பத்தொன்பது பெருமன்றங்களோடு தனித்தனியே பேச அரசு ஆயத்தமாக இல்லை. நியூயார்க் பெருமன்றம் கடல் கடந்து சேவைக் குழு அனுப்ப முயன்றபோது அனுமதிக்காக மாதக்கணக்கில் அலைய நேர்ந்தது. இந்தக் கசப்பிலிருந்துதான், போர் முடிந்த அதே 1918 நவம்பரில், ஐயோவாவின் சீடர் ராப்பிட்ஸில் கூடி, மேசன் சேவைச் சங்கம் என்ற பொது அமைப்பை உருவாக்கினார்கள்.

முகாமுக்குள் இடம் கிடைக்கவில்லை என்றாலும், முகாமுக்கு வெளியே ஆட்கள் திரளாக வந்து சேர்ந்தார்கள். சங்கத்தில் முழு உறுப்பினராவதற்கான மூன்று படிநிலைகளைக் கடக்க வழக்கமாக வாரக்கணக்கில் இடைவெளி வேண்டும். கப்பலேறும் நாள் தெரியாத சிப்பாய்க்கு அந்தப் பொறுமைக்கு நேரம் இல்லை. பல பெருமன்றங்கள் சிறப்பு அனுமதி கொடுத்து இடைவெளியைக் குறைத்தன. சீருடையில் இருக்கும் உறுப்பினரின் ஆண்டுச் சந்தாவைத் தள்ளுபடி செய்த கிளைகளும் உண்டு. வடக்கு டகோட்டா பெருமன்றம் தன் மாநிலப் படையோடு கூடவே பயணிக்கும் கிளை ஒன்றுக்கே அனுமதி தந்தது. பட்டாளத்தோடு நகரும் கிளை என்பது புதிதல்ல. 1732-இலேயே அயர்லாந்தின் பெருமன்றம் பிரிட்டிஷ் ராணுவப் படைப்பிரிவு ஒன்றுக்கு அப்படி ஓர் உரிமை கொடுத்திருக்கிறது. அமெரிக்கப் பெருமன்றங்களின் 1917 முதல் 1919 வரையிலான ஆண்டறிக்கைகளின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அவற்றில் பல இணையத்தில் கிடைக்கின்றன. ட்ரூமன் கடிதங்களை ஒரு கையிலும் அந்த அறிக்கைகளை மறு கையிலும் வைத்துக்கொண்டு படியுங்கள் என்பது என் பரிந்துரை. கடிதத்தில் மனிதர் இருக்கிறார், அறிக்கையில் அமைப்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் போர்க்கால உறுப்பினர் என்ற நிலை முழுதாகப் புரியும்.

1918 மார்ச் இறுதியில் ட்ரூமன் கப்பலேறிய பிறகு கடிதங்களின் தன்மை மாறுகிறது. பிரான்சில் அதிகாரிகள்தாம் தம் ஆட்களின் கடிதங்களைத் தணிக்கை செய்தார்கள். அதிகாரியின் சொந்தக் கடிதத்துக்கு அவருடைய நேர்மையே தணிக்கை. எனவே ஊர்ப் பெயரும் படை நகர்வும் மறைகின்றன. முகாமிலிருந்து எழுதியபோது இந்தக் கட்டு இல்லை. அந்த ஆறு மாதக் கடிதங்கள் அவ்வளவு தாராளமாகப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம். தாம் கேப்டனாகப் பதவி உயர்ந்ததை அவர் நாளிதழில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார் என்பது போன்ற செய்திகள் பிற்பகுதியிலும் உண்டு. ஆனால் முகாமைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர் அங்கே நின்றுவிடலாம்.

இந்தத் தொகுப்பின் பெருங்குறை நூலகத்தின் கையில் இல்லாதது. ட்ரூமன் பெஸ்ஸுக்கு எழுதிய கடிதங்கள் 1,300-க்கும் மேல் எஞ்சியிருக்கின்றன. பெஸ் அவருக்கு எழுதியவற்றில் பெரும்பகுதி இல்லை. அவற்றை அவரே நெருப்பிலிட்டார் என்றும், வரலாற்றை நினைத்துப் பார் என்று கணவர் சொன்னதற்கு, நினைத்துத்தான் செய்கிறேன் என்று பதில் சொன்னார் என்றும் சொல்லப்படுகிறது. அதனால் முகாம் கடிதங்களில் கேள்விக்குப் பதில் இருக்கும், கேள்வி இருக்காது. பெஸ் என்ன கவலைப்பட்டார், கேன்டீன் கணக்கைக் கேட்டு என்ன நினைத்தார் என்பதை நாம்தான் ட்ரூமனின் சமாதானங்களிலிருந்து ஊகிக்க வேண்டும்.

இதை ஓரளவு ஈடுகட்டுவது அதே நூலகம் தரும் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பு. 129-ஆவது ரெஜிமென்டில் இருந்தவர்கள் முதுமையில் கொடுத்த பேட்டிகள், கேள்வியும் பதிலுமாகத் தட்டச்சு செய்யப்பட்டு முழுமையாக வாசிக்கக் கிடைக்கின்றன. வியர் லே, மெக்கின்லி வுடன் போன்ற டி பேட்டரி ஆட்களின் பேட்டிகளை நான் முதலில் எடுக்கச் சொல்வேன். அந்த பேட்டரி பெரும்பாலும் கான்சாஸ் சிட்டியின் ஐரிஷ் கத்தோலிக்க இளைஞர்களால் ஆனது. 1738 முதல் தம் மக்கள் மேசன் சங்கத்தில் சேரக்கூடாது என்று தடை விதித்துவந்த திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். 1918 ஜூலையில் அவர்களுக்குத் தலைவராக வந்து சேர்ந்தவரோ பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஒரு மேசன். அந்த ஆட்கள் அவரை வாழ்நாள் முழுவதும் தங்கள் கேப்டனாகவே கொண்டாடினார்கள்; ரெஜிமென்டின் கத்தோலிக்கக் குரு டியர்னன் அவருடைய நெருங்கிய நண்பர்களுள் ஒருவரானார். ஜேக்கப்சனோடு அவர் போருக்குப் பின் 1919-இல் திறந்த ஆண்கள் உடைக்கடை 1922-இல் நொடித்துப்போனது, நட்பு நொடிக்கவில்லை.

ஆங்கிலம் சரளமாக வாசிப்பவருக்கு இந்தச் சேவையில் எந்தத் தடையும் இல்லை. பழங்காலக் கையெழுத்துக்குப் பழகாதவர்கள் தட்டச்சுப் படி உள்ள கடிதங்களிலிருந்து தொடங்கலாம். 1917 அக்டோபர் மாதக் கடிதங்கள் அதற்கு ஏற்றவை, புழுதியும் கேன்டீனும் ஜேக்கப்சனும் அவற்றிலேயே வந்துவிடுகிறார்கள்.